சென்னையில் ஐந்து வாரம்: காசிமேட்டில் தங்கி அடையாறு மருத்துவமனைக்கு நாள்தோறும் போய்வர முடியுமா?

வடகடல் (தங்கச்சிமடம்)

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை மதுரையில் நல்லபடியாக முடிந்துவிட்டது. அடுத்ததாகக் கதிர்வீச்சுச் சிகிச்சை, நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் கரண்ட் வைப்பது, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கவிருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு முறை வீதம் ஐந்து வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே படுக்க வைத்துச் செய்யும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆகவே சிகிச்சையைக் காட்டிலும், எங்கே தங்கி எப்படிப் போய்வருவது என்பதுதான் இப்போது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

காசிமேட்டில் என் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. மாடியில் ஓர் அறையை எங்களுக்கென்று ஒழித்து வைத்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார்கள். வாடகையும் இல்லை, சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். ஆனால் அது நகரத்தின் வட கோடி, மருத்துவமனையோ தெற்கே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இராமேசுவரத்திலிருந்து பாம்பன் வரை போவதைவிடச் சற்றுக் கூடுதலான தூரம்தான் தெரிகிறது. அதை நம்பலாமா? நான் சென்னைக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன்; இரண்டு முறையும் விசைப்படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் வாங்கப் பாரிமுனைக்குப் போய், அன்றிரவே வண்டி ஏறியவன். அம்மா மதுரையைத் தாண்டியதே இல்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கார்டு (இராமநாதபுரம்)

தம்பி, அம்மாவின் சிகிச்சை நலமாக முடியட்டும். இரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குத் தெரிந்த வகையில் அந்த ஊரை உங்களுக்கு விளக்க முயல்கிறேன்.

நம் தீவில் வடக்கே ஒரு கடலும் தெற்கே ஒரு கடலும் இருப்பதால் திசை தெரியாமல் யாரும் தவிப்பதில்லை. சென்னையில் கடல் கிழக்கே மட்டும்தான். அந்தக் கரையை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஊர் அது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதன்மையான இரயில் பாதைகளும் பெரும்பாலும் அதே போக்கில்தான் ஓடுகின்றன. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் பாதை ஒன்று. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் போகும் பறக்கும் ரயில் மற்றொன்று. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. 2015இல் வந்த மெட்ரோ மூன்றாவது. நீங்கள் தங்கும் இடமும் போக வேண்டிய இடமும் ஒரே பாதையில் அமைந்துவிட்டால் பதினைந்து கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அதுவே ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குக் கிழக்கு மேற்காகச் சாலையில் கடக்க வேண்டியிருந்தால், நான்கு கிலோமீட்டருக்குக் காலை ஒன்பது மணியில் ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. அதனால் அங்கே யாரிடமும் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மருத்துவமனையின் காந்தி நகர் வளாகம் கால்வாய்க் கரையில், பறக்கும் ரயிலின் கஸ்தூரிபா நகர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அந்த ரயில் புறப்படுவதோ சென்னைக் கடற்கரை நிலையத்தில். அது காசிமேட்டுக்குப் பக்கம். புறப்படும் நிலையத்திலேயே ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும் என்பதுதான் இதில் பெரிய ஆதாயம். காலையில் தரமணி, திருவான்மியூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் நடுவழியில் ஏறி நெருக்கினாலும் அம்மா சன்னலோரம் அமர்ந்திருப்பார்கள். பயணம் ஏறக்குறைய அரை மணி நேரம். மாதச் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் நாள்தோறும் வரிசையில் நிற்கும் வேலையும் மிச்சம்.

காசிமேட்டிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு வருவதுதான் கொஞ்சம் தொல்லை. இராயபுரம் நிலையத்தில் ஏறி வரலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான், ஒரு நாள் நேரம் கிடைத்தால் அந்தக் கட்டடத்தை அம்மாவுக்குக் காட்டுங்கள். ஆனால் அந்தப் பாதையில் கடற்கரைக்கு வரும் வண்டிகள் தாம்பரம் பக்கம்போல் அடிக்கடி இல்லை. நேரம் பார்த்துப் போக வேண்டும்.

பாம்பன் செவிலி

தம்பி, கார்டு ஐயா சொன்ன வழியில் பிழையில்லை. ஆனால் நோயாளியின் உடம்பை வைத்தும் இதைப் பார்க்க வேண்டும். என் தங்கையை இதே சிகிச்சைக்காக இதே பாதையில் அழைத்துப்போனவள் என்பதால் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் அவள் என்னைவிட வேகமாக நடந்தாள். மூன்றாவது வாரத்தில் சோர்வு தொடங்கியது. நான்காவது வாரத்தில் மார்பிலும் அக்குளிலும் தோல் கறுத்து, துணி உரசினாலே எரிந்தது. பறக்கும் ரயில் நிலையங்கள் உயரத்தில் இருப்பவை. இருபது படி ஏறி நின்று, கைப்பிடிக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, “அக்கா, இன்னும் எத்தனை” என்று அவள் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. லிஃப்ட் இருக்கும் இடத்திலும் அது எல்லா நாளும் ஓடும் என்று நம்பி நான் அழைத்துப்போக மாட்டேன். கூட்டத்தில் யாராவது தோளில் இடித்தால் அறுவைச் சிகிச்சை செய்த பக்கம் வலி உயிர் போகும். அம்மாவை எப்போதும் அந்தப் பக்கம் சுவரை ஒட்டியோ உங்களை ஒட்டியோ இருக்குமாறு நிற்க வையுங்கள். அந்தக் கையில் பை கொடுக்காதீர்கள்.

என் யோசனை இதுதான். முதல் மூன்று வாரம் சித்தப்பா வீட்டிலிருந்து போய்வாருங்கள். கடைசி இரண்டு வாரத்துக்கு மருத்துவமனையை ஒட்டி ஓர் அறை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு வாரமும் போக வர ஆட்டோ என்று முன்னதாகவே பணம் ஒதுக்கிவிடுங்கள். அறையைப் போய் இறங்கிய முதல் நாளே பார்த்துப் பேசி வையுங்கள், தளர்ந்த பிறகு தேடக் கூடாது. நாங்கள் தேடினோம், “பக்கத்திலேதான்” என்று ஒரு தரகர் முன்பணம் வாங்கிக்கொண்டு காட்டிய விடுதி மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது, முன்பணமும் திரும்பவில்லை.

இன்னொன்று. அந்த மருத்துவமனைக்கு இரண்டு வளாகங்கள் உள்ளன: காந்தி நகரில் ஒன்று, சர்தார் படேல் சாலையில் ஒன்று. உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

கீழக்கரைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு மண்ணடி இன்னொரு கீழக்கரைதான். நானும் அங்கே 22 ஆண்டு கடை வைத்திருந்தவன். வட சென்னைப் பக்கத்து நடைமுறையை நான் சொல்கிறேன்.

காசிமேட்டுக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள்தான் இடைஞ்சல். அவை வரிசை கட்டி நின்றுவிட்டால் ஆட்டோக்காரர் என்ன செய்வார்? மருத்துவமனையில் நேரம் கேட்கும்போது முடிந்தால் காலை பதினொரு மணிக்குப் பிறகு கேட்டு வாங்குங்கள் தம்பி. அலுவலகக் கூட்டமும் வடிந்திருக்கும், சாலையும் கொஞ்சம் இளகியிருக்கும். திரும்பும்போது மாலை ஐந்து மணிக்கு முன்னால் ரயிலில் ஏறிவிட வேண்டும்.

ஆட்டோவைப் பற்றி. அரசு 2013இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். எரிபொருள் விலை எவ்வளவோ ஏறிய பிறகும் அது திருத்தப்படாமல் கிடந்ததால் மீட்டர் போட்டு ஓட்டுகிறவர்கள் அரிதாகிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நோயாளியோடு நின்று பேரம் பேசுவது பெரிய வேதனை. என் உம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போன ஒரு மதியம், ஏறும்போது சொன்ன தொகையை இறங்கும்போது இரட்டிப்பாக்கி, உம்மாவின் எதிரிலேயே ஒருவர் சத்தம் போட்டார். அன்றிலிருந்து நான் கைப்பேசிச் செயலியில் மட்டுமே ஆட்டோ வரவழைக்கிறேன். தொகை முன்னதாகவே தெரிந்துவிடும், வண்டி எண்ணும் நம்மிடம் இருக்கும்.

பேருந்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டிகள் அவை. சொகுசுப் பேருந்தில் இந்தச் சலுகை கிடையாது. எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல், “இது அங்கே வரைக்கும் போகுமா” என்று நடத்துநரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். “கட்” என்று போட்டிருந்தால் அந்த வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

வடகடல்

ஐயா, அக்கா, காக்கா, மூவருக்கும் மிக்க நன்றி. சீட்டை எடுத்துப் பார்த்தேன். காந்தி நகர் வளாகம்தான். அக்கா சொன்னபடி முதல் மூன்று வாரம் காசிமேடு, பிறகு அறை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இங்கிருந்து ரயிலா பேருந்தா, எது அம்மாவுக்கு நல்லது? புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்கிறார்கள், அது இப்போதும் இருக்கிறதா?

பழைய கார்டு

இருக்கிறது தம்பி. மூத்த குடிமக்களுக்கான சலுகையை 2020இல் நிறுத்தியபோதும் நோயாளிகளுக்கான சலுகையைத் தொடர்ந்தார்கள். சிகிச்சைக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 விழுக்காடு தள்ளுபடி. இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவமனையிடம் சான்று வாங்கி நிலைய முன்பதிவு அலுவலகத்தில் கொடுத்தால்தான் சீட்டுக் கிடைக்கும். மதுரையிலோ சென்னையிலோ மருத்துவரிடம் முதல் வேலையாக அந்தச் சான்றைக் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள் நம் ஊரில் பலர்.

அம்மாவுக்கு ரயில்தான் நல்லது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மண்டபத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ போய் ஏற வேண்டிய துன்பம் தீர்ந்துவிட்டது, இராமேசுவரத்திலேயே ஏறிப் படுத்துக்கொள்ளலாம். பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்த நிலையம் ஊருக்கு வெளியே, வண்டலூரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து காசிமேடு என்றால் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்பதை மட்டும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் என்றால் அங்கேயே மின்சார ரயிலில் ஏறிப் பூங்கா, கோட்டை, கடற்கரை என்று மூன்றாவது நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆனால் மூட்டை முடிச்சோடு போகும் முதல் நாளில் அதைச் செய்ய வேண்டாம்; சித்தப்பாவை ஆட்டோவோடு எழும்பூருக்கே வரச் சொல்லுங்கள்.

ஏர்வாடி மாணவன் (இப்போது தரமணியில்)

அண்ணன், ஒரு மாற்று வழியும் கையில் இருக்கட்டும். பறக்கும் ரயில் தாமதமாகிற நாளில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டிக்கு வந்துவிடலாம். அங்கிருந்து சர்தார் படேல் சாலை வழியாக அடையாறுக்குப் பேருந்தும் ஆட்டோவும் நிறைய உண்டு. கட்டணம் கூடுதல்தான், மெட்ரோவில் 10 ரூபாயில் தொடங்கி அதிக அளவாக 50 வரை போகும். ஆனால் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது, உள்ளே குளிர்சாதனமும் உண்டு. பாம்பன் அக்கா சொன்ன சோர்வு நாள்களுக்கு இது உதவும். காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஓடும்.

2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செயலி வந்திருக்கிறது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே சீட்டு எடுக்கலாம்; எந்த இடத்தில் எதற்கு மாற வேண்டும் என்பதையும் காட்டும். கைப்பேசியில் இப்போதே இறக்கி, ஊரிலிருந்தபடியே காசிமேடு–அடையாறு என்று இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மயிலாப்பூர், அடையாறு போன்ற இடங்களில் சாலைகளைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். பழைய நினைவில் வழி சொல்கிறவர்களின் பேச்சைச் சாலைப் பயணத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரயில் பாதைக்கு அந்தக் கவலை இல்லை.

பாம்பன் செவிலி

ஐப்பசியில் போகிறீர்கள் என்பதால் மழையையும் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் கூண்டு ஏற்றினால் நாம் கடலுக்குப் போகாமல் இருப்பதுபோல, சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்த நாளில் கிளம்பும் முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் சாலைகள் அடைபடும், தண்டவாளத்தில் நின்றால் மின்சார ரயிலும் நிற்கும். ஆனால் சாதாரண மழைக்குப் பயந்து நீங்களாக ஒரு நாளையும் விட்டுவிடக் கூடாது. விட்ட நாளை எப்போது ஈடு செய்வது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கைப்பையில் மாற்றுச் சேலை ஒன்று, தளர்வான பருத்தி ரவிக்கை ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஈரத் துணி அந்தத் தோலில் படவே கூடாது.

வடகடல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் பதினைந்து நாள் சிகிச்சை முடிந்துவிட்டது. நேற்று மருத்துவமனைக்கு அருகில் தரைத்தள அறைக்கு மாறிவிட்டோம். அக்கா சொன்னதுபோல் முதல் நாளே பேசி வைத்த அறை.

நடந்ததைச் சொல்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும். முதல் நாள் காலை எட்டரைக்குக் கிளம்பி லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். காக்கா சொன்னதை நினைத்து, மறுநாளே கெஞ்சிக் கேட்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு பத்தேகாலுக்கு வீட்டை விட்டால் பதினொன்றரைக்கு மருத்துவமனை வாசலில் இருந்தோம்.

கடற்கரை நிலையத்தில் அம்மா ஏறும் பெட்டியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் நாள் கஸ்தூரிபா நகரில் இறங்கியபோது படிக்கட்டு எங்களிடமிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. நடந்துகொண்டே எத்தனை பெட்டியைத் தாண்டுகிறோம் என்று விரலை மடக்கி எண்ணியிருக்கிறார்கள். மறுநாள் கடற்கரையில் அத்தனை பெட்டி முன்னால் போய் நின்று, “இங்கே ஏறு, இறங்கினால் எதிரே படிதான்” என்றார்கள். அப்படியே இருந்தது. வலையில் மிதவைக்கு மிதவை இடைவெளி எண்ணிக் கட்டிய கை அது. பதிமூன்றாம் நாளிலிருந்து படி ஏற முடியவில்லை, திரும்பும்போது ஆட்டோவில்தான் வந்தோம். ஏர்வாடித் தம்பி சொன்ன மெட்ரோ வழியில் இரண்டு நாள் போனோம். உடம்புக்குச் சுகமாக இருந்தாலும் கிண்டியில் மறுபடி ஆட்டோ பிடிப்பது அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. எங்களுக்கு ஒரே வண்டியில் போவதே சரியாக இருந்தது.

சலுகைச் சான்று வாங்கிவிட்டேன் ஐயா. ஊர் திரும்பும் சீட்டை அதில்தான் எடுத்திருக்கிறேன்.

தொண்டித் தாய்

இந்த இழையை முழுவதும் படித்தேன் சகோதரரே. என் ஆறு வயது மகனை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். ரயிலில் இடம் கிடைக்கவில்லை, பேருந்தில் அதிகாலை நான்கு மணிக்குக் கிளாம்பாக்கம் போய்ச் சேருவோம். நானும் மகனும் மட்டும்தான். அங்கிருந்து என்ன செய்வது?

வடகடல்

சகோதரி, நான்கு மணிக்கு இறங்கியதும் வெளியே வந்து யாருடைய வண்டியிலும் ஏற வேண்டாம். நிலையத்துக்குள்ளேயே கழிப்பறை, இருக்கை, தேநீர் எல்லாம் உண்டு. விடியும் வரை வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள், பையன் தூங்கட்டும். விடிந்ததும் உள்ளேயே மாநகரப் பேருந்துகள் நிற்கும் பக்கம் போய்த் தாம்பரம் செல்லும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறுங்கள், உங்களுக்குக் கட்டணம் இல்லை. தாம்பரத்தில் எழும்பூருக்கு மின்சார ரயில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டிலிருந்து நிரம்பி வரும் வண்டியை விட்டுவிட்டு, தாம்பரத்திலேயே புறப்படும் கடற்கரை வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று கேட்டு, பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும். நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்தது எழும்பூர். சேத்துப்பட்டு வரும்போதே பையனை எழுப்பிவிடுங்கள். எழும்பூரிலிருந்து மருத்துவமனை கிட்டத்தில்தான், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் போகிறீர்கள் என்று எழுதுங்கள். சனி, ஞாயிறு என்றால் அம்மாவுக்குச் சிகிச்சை இல்லை, நான் எழும்பூர் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.